தொப்பியின் உட்புறம்

தொப்பியை வாங்கிய அன்றிரவே அதை உள்பக்கம் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. மூன்று வாரம் புத்தக அலமாரியில் வைத்து, வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன். "பினாங்குக்கு வந்த ஜெர்மன் நீர்மூழ்கி மாலுமியோடது. இரண்டாம் உலகப் போர். ஒரிஜினல்." அந்த 'ஒரிஜினல்' என்ற சொல் வரும்போது என் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். கருவறையைக் கைகாட்டிப் பேசுகிறவர்களின் குரல்.

விற்றவர் எண்பது வயதை நெருங்கும் பெரியவர். பினாங்கின் பழைய சாமான் சந்தை ஒன்றில் தார்ப்பாய் விரித்து, பித்தளைக் குத்துவிளக்கு, ஓடாத கைக்கடிகாரங்கள், ஜப்பான் காலத்து வாழைமர நோட்டுகள் என்று பரப்பியிருந்தார். தொப்பி மட்டும் தனியாக ஒரு பிளாஸ்டிக் உறையில் இருந்தது. கருநீலக் கம்பளித் துணி. தட்டைக் கவிழ்த்ததுபோல் தட்டையான மேற்பகுதி. பின்னால் தொங்கும் இரண்டு நாடா முனைகள். நாடாவில் பழைய ஜெர்மன் எழுத்துருவில் 'கிரீக்ஸ்மரீன', அதாவது போர்க் கடற்படை. அதற்கு மேலே கறுப்பு வெள்ளை சிவப்பில் ஒரு சிறு வட்டம், எல்லாவற்றுக்கும் மேலே கால்களில் சுவஸ்திகாவைப் பற்றிக்கொண்டு சிறகு விரித்த பொன்னிறக் கழுகு.

"எம்டன் கப்பல்காரன் தொப்பி, தம்பி," என்றார்.

எம்டன் வந்தது முதல் உலகப் போரில். 1914 செப்டம்பரில் சென்னை மீது குண்டு போட்டுவிட்டு, அக்டோபரில் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து ஒரு ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. இந்தக் கழுகெல்லாம் அதற்கு இருபது வருடம் கழித்து வந்த சமாச்சாரம். இதை அவரிடம் சொன்னேன். தெரிந்ததைக் காட்டிக்கொள்ளும் ஆசைதான். அவர் கோபப்படவில்லை.

"எங்கம்மா எல்லா ஜெர்மன்காரனையும் எம்டன்னுதான் சொல்லுவாங்க. இவனுங்க ஜப்பான்காரன் காலத்துல வந்தவனுங்க. அப்பா பியர்ல மூட்டை தூக்குனாரு. அவருக்கு ஒருத்தன் குடுத்தது. சில நாள் ரொட்டியும் குடுப்பானாம்."

280 வெள்ளி. பேரம்கூடப் பேசவில்லை.

அவர் சொன்னதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை. 1943-இன் நடுவிலிருந்து 1944-இன் பிற்பகுதிவரை ஜப்பானியர் ஆண்ட பினாங்கு, ஜெர்மன் நீர்மூழ்கிகளின் தளமாக இருந்தது. ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் கடலில் கிடந்து வந்தார்கள். 'மன்சூன்' என்பது அந்த அணியின் பெயர். யூ-178 என்ற படகோடு வந்த வில்ஹெல்ம் டொம்மெஸ் இங்கேயே தங்கித் தளத்தின் பொறுப்பை ஏற்றார். யூ-859 அவ்வளவு தூரம் வந்தும் கரையைத் தொடவில்லை. 1944 செப்டம்பர் 23 அன்று, பினாங்கை நெருங்கும்போது பிரிட்டிஷ் நீர்மூழ்கி டிரென்சன்ட் அதை மூழ்கடித்தது. 47 பேர் இறந்தார்கள், 20 பேர் பிழைத்தார்கள். பத்திரமாக வந்து சேர்ந்தவர்கள் இந்த ஊர்த் தெருக்களில் நடந்திருக்கிறார்கள், வேர்த்திருக்கிறார்கள், கம்பளித் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டிருப்பார்கள்.

நம் ஆட்களுக்கு அவர்கள் முழு எதிரிகளும் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நேதாஜி 1943 பிப்ரவரியில் கீல் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது யூ-180 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியில்தான். மடகாஸ்கர் பக்கம் நடுக்கடலில் ஜப்பானியப் படகுக்கு மாறி, பிறகு சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். அவர் படம் மாட்டியிருந்த தோட்டத்து வீடுகளில், அவரைச் சுமந்து வந்த படகின் கொடியில் என்ன இருந்தது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. என் தாத்தா வீட்டிலும் கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் சிங்கப்பூரிலிருந்து ஓர் அண்ணன் வந்தார். பழைய ராணுவப் பொருள்களை முப்பது வருடமாகச் சேகரிப்பவர். தொப்பியைக் கையில் வாங்கியவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராக உள்ளே திருப்பினார்.

"எல்லாரும் கழுகைப் பார்ப்பாங்க. கழுகு காசுக்குக் கிடைக்கும். உள்ளதான் பார்க்கணும்."

அன்று அவரிடம் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். ஜெர்மன் மாலுமித் தொப்பியின் வெட்டும் வடிவமும் கைசர் காலத்திலிருந்து பெரிதாக மாறவில்லை. ஹிட்லரின் கடற்படையும் அதே வடிவத்தை அணிந்தது, 1956-இல் மேற்கு ஜெர்மனி புதிதாகத் தொடங்கிய கடற்படையும் அதே வடிவத்தை அணிந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆகவே வித்தியாசம் சின்னச் சின்ன இடங்களில்தான். நாடாவில் முன்பெல்லாம் அவரவர் கப்பலின் பெயர் இருக்கும். போர் வந்ததும் எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்று எதிரிக்குத் தெரியக் கூடாது என்பதற்காக எல்லாருக்கும் பொதுவாக 'கிரீக்ஸ்மரீன' என்று மட்டும் போட்டார்கள். போருக்குப் பின் கப்பல் பெயர்கள் திரும்பி வந்தன. வட்டச் சின்னம் போர்க்காலத்தில் கறுப்பு வெள்ளை சிவப்பு, புதிய கடற்படையில் கறுப்பு சிவப்பு பொன்னிறம். நாடாவையும் வட்டத்தையும் கழுகையும் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். அதனால் அவை எதையும் நிரூபிப்பதில்லை.

உள்ளே இருப்பதை மாற்றுவது கஷ்டம். புறணித் துணி, வியர்வைப் பட்டை, முத்திரை, நூல். போரின் பிற்பகுதியில் தயாரிப்பாளர் பெயரை எடுத்துவிட்டு எண்ணை மட்டும் குத்தினார்கள். நூலில் பாலியெஸ்டர் இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. அதற்குக் காப்புரிமை எடுத்ததே 1941-இல், அதுவும் இங்கிலாந்தில். துணிக்கடைக்கு வந்தது போருக்குப் பிறகு. பிறகு, கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு. போருக்குப் பின் பரவலான வெண்மையூட்டும் ரசாயனம் துணியிலோ நூலிலோ இருந்தால் அந்த ஒளியில் பளீரென்று நீலமாக மின்னும்.

"ஆனா அதை மட்டும் நம்பக் கூடாது," என்றார் அண்ணன். "நெஜமான போர்க்காலத் தொப்பியக்கூட யாராச்சும் இப்போதைய சோப்புத்தூள்ல தொவைச்சிருந்தா மின்னும்."

இந்த ஒரு வாக்கியம் எனக்குள் நின்றுவிட்டது. கடலில் செத்துப்போன மகனின் தொப்பியை ஒரு தாய் இருபது வருடம் கழித்து எடுத்துத் துவைத்து, காயவைத்து, மறுபடி பெட்டியில் வைத்திருந்தால், அந்தத் தொப்பி இனிச் சந்தேகத்துக்குரியது. யாரும் அன்பு காட்டாத தொப்பிக்குத்தான் சோதனையில் முழு மதிப்பெண்.

என் தொப்பியின் தையல் மின்னியது. சரி, யாரோ துவைத்திருக்கலாம் என்று நானே அதற்கு வக்கீலானேன். அண்ணன் பதில் பேசாமல் கழுகைக் கழற்றினார். பல காலம் ஒரே இடத்தில் இருந்த கழுகின் அடியில் துணி வெளுக்காமல், கழுகின் நிழல் மாதிரிக் கருப்பாக இருக்க வேண்டும். அங்கே அப்படி எதுவும் இல்லை. ஊசி போன துளைகள் புதிதாக இருந்தன. வட்டம் இருந்த இடத்தில் மட்டும், அதைவிடச் சற்றுப் பெரிதாக, வெளுக்காத வேறொரு வட்டம் தெரிந்தது. கடைசியில் வியர்வைப் பட்டையை நகத்தால் மெல்லப் புரட்டினார். மங்கிய முத்திரை. அளவு 56. அதற்குக் கீழே 1962.

"கதைய வாங்காதே, சாமான வாங்கு. இந்தத் தொழில்ல இதான் முதல் பாடம்," என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

பாடம் நல்ல பாடம்தான். அதைக் கேட்காதவர்கள் எங்கே போய் விழுந்தார்கள் என்பதற்கு 1983-இல் நடந்த ஹிட்லர் டைரி விவகாரமே போதும். கொன்ராட் குயாவ் ஸ்டுட்கார்ட் நகரில் நாஜிப் பொருள்கள் விற்ற வியாபாரி. சாதாரணப் பொருளோடு தானே எழுதிய சான்றிதழைச் சேர்த்து விலையை ஏற்றுவதில் தொடங்கி, முடிவில் ஹிட்லரின் டைரிகளையே எழுதினார். 'ஸ்டெர்ன்' பத்திரிகை 90 லட்சம் மார்க்குக்கு மேல் கொட்டிக்கொடுத்தது. அட்டையில் ஒட்டிய முதலெழுத்தில் 'ஏ'வுக்குப் பதில் பழைய எழுத்துருவின் 'எஃப்' இருந்தது. அதையே பார்க்காமல் விட்டார்கள் என்றால், எவ்வளவு நம்ப ஆசைப்பட்டிருக்க வேண்டும்! கடைசியில் ஜெர்மன் கூட்டரசு ஆவணக் காப்பகம் கண்டுபிடித்ததும் இதே விஷயங்களைத்தான். காகிதத்தில் வெண்மையூட்டி, கட்டுமானத்தில் பாலியெஸ்டர் நூல்.

அண்ணன் கிளம்பிப் போன பிறகு எனக்கு உறைத்தது வேறொன்று. ஏமாந்த கோபம் ஒரு மணி நேரத்தில் அடங்கிவிட்டது. என்ன வாங்க ஆசைப்பட்டு ஏமாந்தேன் என்ற கேள்வி அடங்கவில்லை. அதே தார்ப்பாயில் அதே தொப்பி, கழுகு இல்லாமல், கறுப்பு சிவப்பு பொன்னிற வட்டத்தோடு கிடந்திருந்தால் நான் குனிந்திருப்பேனா? அறுபதுகளில் ஏதோ ஒரு மேற்கு ஜெர்மானிய இளைஞன் கட்டாய ராணுவ சேவையில் போட்டுக் கழற்றிய தொப்பி. யாரையும் கொல்லாத தொப்பி என்றுகூடச் சொல்லலாம். தாண்டிப் போயிருப்பேன். 280 வெள்ளியில் பெரும்பகுதி அந்தக் கழுகுக்குக் கொடுத்தது.

நான் மட்டும் இல்லை. 1957-இல் மேற்கு ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது. போரில் வாங்கிய பதக்கங்களை முன்னாள் வீரர்கள் அணிந்துகொள்ளலாம், ஆனால் சுவஸ்திகா நீக்கிய வடிவத்தில்தான். அரசே அனுமதித்த, கள்ளத்தனம் எதுவும் இல்லாத பதக்கங்கள் அவை. சேகரிப்பாளர்கள் அவற்றை '1957 மாதிரி' என்று தனியாகப் பிரித்து, சுவஸ்திகா உள்ளவற்றைவிடக் குறைவாக மதிக்கிறார்கள். போர் முடிந்ததும் இன்னொன்று நடந்தது. ஐரோப்பியக் கடல்களில் கிடந்த கண்ணிவெடிகளை அகற்ற, தோற்ற ஜெர்மன் கடற்படையினரையே பிரிட்டிஷ்காரர்கள் பயன்படுத்தினார்கள். 1945 முதல் 1948 தொடக்கம் வரை ஆயிரக்கணக்கானோர் அந்த வேலையைச் செய்தார்கள். பழைய சீருடைதான், ஆனால் நாஜிச் சின்னங்களைப் பிடுங்கிவிட்டு. வெடிவைத்த அதே கடலில் வெடியெடுக்கப் போனவனின் தொப்பியில் கழுகு இருந்த இடத்தில் இரண்டு துளைகள் மட்டும் இருந்திருக்கும். அது இன்று சந்தைக்கு வந்தால் என்ன சொல்வார்கள்? 'கழுகு இல்லை, முழுமையான பொருள் அல்ல.' யாராவது ஒரு வியாபாரி வேறொரு கழுகைக் கொண்டுவந்து அந்தத் துளைகளிலேயே குத்தி 'பழைய நிலைக்குக் கொண்டுவருவார்'. அந்த மனிதன் தன் வாழ்க்கையில் செய்த நல்ல காரியத்தின் ஒரே தடயத்தை மறைத்துவிட்டு, அதற்கு அசல் என்று பெயர் வைப்போம்.

அசலைத் தேடுவது உண்மையைத் தேடுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உண்மையைத் தேடுகிறவனுக்குத் துளை போதும். எனக்குக் கழுகு வேண்டியிருந்தது. தீமைக்குப் பக்கத்தில் பத்திரமாக நிற்கும் அந்தச் சிலிர்ப்பு வேண்டியிருந்தது. ஜெர்மனியில் அந்தச் சின்னத்தைப் பொது இடத்தில் காட்டுவது குற்றம். வரலாறு, கல்வி போன்ற காரணங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. என் அலமாரி எந்தக் கல்விக்காகத் திறந்திருந்தது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்றும் தோன்றியது. போர்க்காலத்தில் ஜெர்மன்காரன் தலையில் இருந்ததை நூல் நூலாகப் பிரித்துச் சோதிக்க விளக்கு இருக்கிறது, நிபுணர் இருக்கிறார், விலைப்பட்டியல் இருக்கிறது. அதே வருடங்களில் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட நம் ஆட்களில் பெரும்பாலோருக்குப் பெயர்கூடப் பதிவாகவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அந்த அப்பாவின் தலைத்துண்டு எந்த அலமாரியிலும் இல்லை. அவர் இருந்தார் என்பதற்குச் சாட்சி மகன் சொல்லும் கதைதான், அந்தக் கதைக்குச் சாட்சி இந்தத் தொப்பி. அதைத்தான் இப்போது நான் போய் உடைக்க வேண்டும்.

சொல்ல வேண்டுமா? இரண்டு வாரம் இழுத்தடித்தேன். வயதானவர், விட்டுவிடலாம் என்றது ஒரு மனம். அந்தக் கருணையில் ஒரு மிதப்பு இருந்ததைக் கவனித்தேன். உண்மையைத் தாங்கும் பக்குவம் எனக்கு உண்டு, அவருக்கு இல்லை என்று நானே முடிவு செய்வது என்ன மரியாதை? சொல்லிவிடு என்ற மனமும் சுத்தமானது இல்லை. எம்டன் விஷயத்தில் அவரைத் திருத்திய அதே ஆள்தான் அங்கேயும் பேசினான். சொல்லாமலே விற்றுவிடலாம் என்ற மூன்றாவது யோசனையும் வந்தது. வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன், ஒரு முழு மாலை அதைப் பற்றி யோசித்தேன்.

கடைசியில் தொப்பியை எடுத்துக்கொண்டு போனேன். கூட்டம் குறைந்த நேரம். அவர் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வியர்வைப் பட்டையைப் புரட்டி முத்திரையைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தொப்பியைக் கண்ணுக்கு வெகு பக்கத்தில் கொண்டுபோனார்.

"சிக்ஸ்டி டூ," என்றார். "அப்ப இதுல இருந்த கதை?"

"அப்பா சொன்னது பொய்யின்னு நான் சொல்லலைங்க ஐயா. தொப்பி அந்தக் காலத்துது இல்ல, அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவராகவே கணக்குப் போட ஆரம்பித்தார். அப்பா செத்தது 1971-இல். அதுவரைக்கும் பியர் வேலைதான். வெள்ளைக்காரன் காலம் போனபிறகும் கப்பல்கள் வந்தன, மாலுமிகள் இறங்கினார்கள். அப்பா செத்த பிறகுதான் அம்மா பெட்டியில் தொப்பியைப் பார்த்தார். ரொட்டி கொடுத்த ஜெர்மன்காரனைப் பற்றிச் சின்ன வயதிலிருந்தே கேட்டிருந்தார். "தொப்பி குடுத்தான்னு அப்பா சொன்னாரா, நானா சேர்த்துக்கிட்டேனான்னு இப்ப தெரியலையே, தம்பி."

கழுகைப் பற்றிக் கேட்டேன்.

"அது நான் வாங்கி மாட்டினது." ஒளிவுமறைவே இல்லாமல் சொன்னார். "மொதல்ல அப்படியேதான் வச்சிருந்தேன். வர்றவன்லாம் கழுகு எங்க, கழுகு எங்கன்னு கேட்டான். ஒருத்தன் வந்து, இதுல இருக்கற பொட்டு தப்பு, கழட்டுன்னான். கழுகு, பொட்டு, நாடா மூணும் சேர்த்து செட்டா விக்கிறாங்க. மகன் போன்ல ஆர்டர் பண்ணிக் குடுத்தான். விட்டுப்போனதத் திரும்ப வைக்கிறோம்னுதான் நெனச்சேன்." சுவஸ்திகாவை விரலால் தொட்டார். "நம்ம கோயில்ல போடறதுதானேன்னு வேற நெனச்சுக்கிட்டேன்."

அதற்கு நான் சொன்ன பதில் சரியாக வரவில்லை. அந்தச் சின்னத்தின் கீழ் நடந்ததைச் சந்தை இரைச்சலில் ஐந்து நிமிடத்தில் சொல்லிப் பார்த்தேன். அவர் தலையாட்டிக் கேட்டார். முடிந்ததும், "ஜப்பான்காரன் இங்க பண்ணுன மாதிரி," என்றார். நான் ஆமாம் என்றேன்.

பழைய நாடா? பேத்தி பள்ளிக்கூட நாடகத்துக்கு எடுத்துக்கொண்டு போனவள் திருப்பித் தரவில்லை. பழைய பொட்டு? தார்ப்பாய்க்குப் பின்னால் இருந்த பிஸ்கட் டின்னைத் திறந்து, கடிகார முட்களுக்கும் உடைந்த பேனா மூடிகளுக்கும் நடுவே தேடி, செய்தித்தாளில் மடித்த ஒன்றை எடுத்தார். கறுப்பு, சிவப்பு, பொன்னிறம். தொப்பியில் வெளுக்காமல் இருந்த வட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தோம். சரியாகப் பொருந்தியது. கழுகை டின்னில் போட்டு மூடினார்.

"காசு திருப்பித் தரட்டுமா?"

பாதி வாங்கிக்கொண்டேன். முழுசா வேண்டாம் என்று நானும், முழுசா வாங்கிக்க என்று அவரும் கொஞ்ச நேரம் இழுத்து, அங்கே வந்து நின்றோம். தொப்பியை அவரிடமே விட்டேன்.

நான் எழுந்திருப்பதற்குள் முதுகில் பை மாட்டிய ஒரு வெளிநாட்டு இளைஞன் குனிந்து தொப்பியை எடுத்தான். முன்னும் பின்னும் திருப்பினான்.

"ஒரிஜினல்?"

பெரியவர் என்னைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்து, "சிக்ஸ்டி டூ," என்றார். அவனுக்குப் புரியவில்லை. விலை என்று நினைத்து பர்ஸை எடுத்தான்.